குவியல் வியாபாரமும் பொம்மைப் பிராணிகளும்

இங்கிலாந்தில் குடியிருக்கும் நம் சமுதாயச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருந்தார். அதன் சுருக்கம் வருமாறு:

அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மைதானங்களில் ஒரு சந்தை கூடுகிறது. வீட்டில் வேண்டாத சாமான்களைக் காரில் ஏற்றி வந்து, காரின் பின்கதவைத் திறந்து வைத்து விற்பார்கள். 'கார் பூட் சேல்' என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் விளையாடி முடித்த சிறு பொம்மைப் பிராணிகள், அதாவது நாய், பூனை, குதிரை, ஆடு, மாடு எல்லாம் பெட்டி பெட்டியாக அங்கே வரும். இச்சகோதரி அவற்றை மொத்தமாக வாங்கி, கழுவி, இனம் பிரித்து, நல்லவற்றைத் தனித்தனியாகவும் மீதியைக் குவியலாகவும் இணையச் சந்தையில் விற்று வருகிறார். கணவரின் சம்பளத்துக்கு அது ஒரு கைத்தாங்கல்.

ஒரு ஞாயிறன்று மூதாட்டி ஒருவர், தம் பேரப்பிள்ளைகளின் பொம்மைகள் என்று ஒரு பெட்டியை 5 பவுண்டுக்கு வைத்திருந்தார். மேலாகக் கிளறியபோதே அரிதாகக் கிடைக்கும் பூனை ஒன்றும் நீள உடல் நாய் ஒன்றும் சகோதரியின் கண்ணில் பட்டுவிட்டன. "இதில் விலை போகிற சாமான் ஏதாவது இருக்கிறதா அம்மா?" என்று மூதாட்டி கேட்டாராம். "ஒன்றுமில்லை, பிள்ளைகள் விளையாடத்தான்" என்று இவர் சொல்லிவிட்டாராம். 5 பவுண்டுக்கு வாங்கிய அந்தப் பெட்டியில் அவ்விரண்டு மட்டுமே 70 பவுண்டுக்குப் போயின.

"பணம் கையில் இருக்கிறது. செலவு செய்ய மனம் வரவில்லை. இந்தத் தொழில் கூடுமா? இந்தப் பணம் ஹலாலா?" என்று கேட்டு முடித்திருக்கிறார்.

கேள்வி சிறியது. ஆனால் அதற்குள் கொள்வினை கொடுப்பினையின் பல மஸ்அலாக்கள் அடங்கியுள்ளன. பொம்மை விற்காதவருக்கும் இவை தேவைப்படும். பழைய புத்தகம், பழைய பாத்திரம், துணிக் கட்டு, பழக்கூடை என்று குவியலாக வாங்காத வீடு எது? எனவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பண்டத்தை அறிதல்

தீர்ப்புச் சொல்லுமுன் பொருளை அறிய வேண்டும் என்பது நம் முன்னோர்களான ஃபுகஹாக்களின் வழக்கம். இந்தப் பொம்மைகளில் பல வகை உண்டு. ஜெர்மனியில் 1935ல் தொடங்கப்பட்ட ஷ்லைக் நிறுவனத்தின் பிராணிகள் உண்மை உருவைப் போலவே வார்த்து வண்ணம் தீட்டப்பட்டவை. நிறுவனத்தின் பெயர் வயிற்றின் அடியில் வார்ப்பிலேயே இருக்கும். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1920களில் ஈயத்தால் பண்ணைப் பிராணிகளை வார்த்தது. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் கென்னர் நிறுவனம் வெளியிட்டு, பின்னர் 2000களின் நடுவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் புது உருவில் கொண்டுவந்தது 'லிட்டிலஸ்ட் பெட் ஷாப்' என்னும் வரிசை. உள்ளங்கைக்குள் அடங்கும் உடல், பெரிய ஆடும் தலை, பலவற்றில் காலடியில் சிறு காந்தம். சகோதரியின் பூனையும் நாயும் இந்த வரிசையைச் சேர்ந்தவை.

ஒரே வரிசை, ஒரே அளவு, ஒரே பிளாஸ்டிக். ஆயினும் இவ்வரிசையில் குட்டை முடிப் பூனை, நீள உடல் நாய் போன்ற சில வார்ப்புகளைச் சேகரிப்போர் தேடித் தேடி வாங்குகின்றனர், மற்றவற்றைக் கேட்பாரில்லை. அறியாதவருக்கு எல்லாம் ஒரு பெட்டிச் சாமான். அறிந்தவருக்கோ அதே பெட்டியில் பத்துக் காசுப் பொருளும் இருக்கும், பத்துப் பவுண்டுப் பொருளும் இருக்கும். குவியலாக விற்பவர் பிரித்துப் பார்க்கும் சிரமம் வேண்டாம் என்று விற்கிறார். வாங்குபவரோ அந்தச் சிரமத்தையே தம் தொழிலாகக் கொள்கிறார். பிரிப்பதும் கழுவுவதும் ஜோடி சேர்ப்பதும் உழைப்பு. உழைப்புக்கு லாபம் எடுப்பதில் குற்றமில்லை. குற்றம் நுழையும் வாசல் வேறு. அது அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

உருவப் பொம்மையை விற்கலாமா?

உயிருள்ளவற்றின் உருவங்களை நிழல் விழும்படி முழுமையாகச் செய்வதும் வைத்திருப்பதும் கூடாது என்பது ஷரீஅத்தின் பொது விதி. பிள்ளைகளின் விளையாட்டுப் பொம்மை அதிலிருந்து விலக்குப் பெற்றது. ஹள்ரத் ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மைகள் வைத்து விளையாடியதும், தோழியர் வந்து கூட விளையாடியதும் புகாரீ, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் வந்துள்ளன. அபூதாவூதில் வரும் செய்தி நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. அந்தப் பொம்மைகளின் நடுவே துணியால் இரு இறக்கைகள் வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்க, ஸுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் பதிலளிக்க, கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு நாயகம் (ஸல்) சிரித்தார்கள். பிராணிப் பொம்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாடப் பொம்மை கூடும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கூற்று. பேணுதல் கருதி முழு உருவை வெறுத்தோரும் உண்டு.

ஆனால் இந்தச் சலுகை விளையாட்டுக்குரியது. பெரியவர்கள் கண்ணாடி அலமாரியில் அழகுக்காக அடுக்கி வைப்பதற்கு இது பொருந்தாது என்றே பெரும்பாலோர் கூறுவர். பொம்மையாகச் செய்யப்பட்டது யார் கையிலிருந்தாலும் பொம்மையே என்று இக்கால உலமாக்களில் சிலர் இலகு காட்டுவதும் உண்டு. வாங்குபவர் யார், எதற்கு என்று துருவி விசாரிப்பது விற்பவர் மீது கடமையில்லை. அலமாரிக்குத்தான் என்று வெளிப்படையாகத் தெரிந்தால் விலகிக்கொள்வது பேணுதல். சகோதரியின் தொழிலில் இப்பகுதி சந்தேகமானது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்குக் குவியலாக விற்பதே அவருக்குச் சுத்தமான வழி.

எண்ணாமல் விற்பது

எண்ணாமலும் நிறுக்காமலும் அளக்காமலும் கண்மதிப்பில் விற்பதற்கு 'ஜுஸாஃப்' என்று பெயர். நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவுக்கு வரும் ஒட்டகக் கூட்டத்தாரிடம் மக்கள் தானியத்தைக் குவியலாகவே வாங்கினர். வாங்கியதை இடம் மாற்றிக் கைவசப்படுத்தும் முன் மறுபடி விற்கவேண்டாம் என்றே நாயகம் (ஸல்) தடுத்தார்கள். குவியலாக வாங்கியதைத் தடுக்கவில்லை. இதை அறிவிப்பவர் இப்னு உமர் (ரலி). இதிலிருந்து இரண்டு சட்டங்கள் கிடைக்கின்றன. ஒன்று, கண்ணால் கண்ட குவியலை எண்ணாமல் விற்பது கூடும். இரண்டு, கைக்கு வராததை விற்கக் கூடாது.

ஆகவே, "இதோ இந்தப் பெட்டி, 5 பவுண்டு" என்றால் வியாபாரம் நிறைவேறும். ஷாபிஈ மத்ஹபில் இது மக்ரூஹ் என்பர். ஏனெனில் இரு தரப்பும் பின்னால் மனம் வருந்த இடமுண்டு. விற்பவருக்கு எண்ணிக்கை தெரிந்திருந்து வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் அதை மறைத்துக் குவியலாக விற்பது மோசடி என்பது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் கூற்று. எண்ணியிருந்தால் எண்ணிக்கையைச் சொல்லுங்கள். எண்ணாவிட்டால் "எண்ணவில்லை" என்று சொல்லுங்கள். ஐம்பது உருப்படி என்று உறுதி சொல்லி நாற்பத்தைந்து இருந்தால், வாங்கியவருக்கு வியாபாரத்தை முறிக்கும் உரிமை உண்டு.

சேகரிப்போர் தமக்குள் பண்டமாற்று செய்வதும் வழக்கம். அரிய பூனை ஒன்றைக் கொடுத்து ஐந்து நாய்களை வாங்குவர். இது வட்டியாகுமா என்று சிலர் ஐயுறுகின்றனர். ஆகாது. தங்கம், வெள்ளி, உணவுப் பொருள் ஆகியவற்றில்தான் கூடுதல் குறைவின் தடை ஷாபிஈ மத்ஹபில் வருகிறது. ஒரு ஒட்டகத்துக்கு இரண்டு ஒட்டகம் என்று வாங்கப்பட்ட செய்தி அபூதாவூதில் உள்ளது. உயிருள்ள ஒட்டகத்தில் கூடுமானால் பிளாஸ்டிக் ஒட்டகத்தில் கூடாதா?

நெற்குவியலா, மாதுளைக் குவியலா?

மதரஸாவில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஓதிய காலத்தில், பொருளின் ஒரு பகுதியைப் பார்த்தால் போதுமா என்ற பாடம் வந்தது. மீதியும் இப்படித்தான் என்று காட்டித்தரும் பகுதியானால் போதும் என்பது சட்டம். கோதுமைக் குவியலின் மேற்பரப்பைப் பார்த்தால் உள்ளே இருப்பதும் தெரிந்துவிடும். ஆனால் மாதுளை, முலாம்பழக் குவியல் அப்படியல்ல என்று விரிவுரையாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அன்று மாலை எங்கள் உஸ்தாது பழக்கடைக்குப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார். மாதுளைக் கூடையில் மேலே இருந்த சிவந்த பழங்களை விலக்கிக் கீழே இருந்தவற்றைக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. பாடம் விளங்கிவிட்டது.

பொம்மைப் பிராணிக் குவியல் கோதுமையைச் சேர்ந்ததல்ல, மாதுளையைச் சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலை, ஒவ்வொரு நிலை. மேலே நான்கு நல்ல பொம்மைகளை முகம் தெரிய நிறுத்தி, கீழே காதறுந்ததும் வாலொடிந்ததும் குவித்துப் புகைப்படம் எடுப்பது இன்று இத்தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. பார்ப்பவர் மேலே தெரியும் நான்குக்காகவே விலை கேட்கிறார். இது பார்த்து வாங்கியதாகாது. எல்லாவற்றையும் பரப்பி, முன்னும் பின்னும், காலடியும் தெரியப் படமெடுப்பதே நேர்மையான முறை.

பார்க்காத பொருளை விற்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கூற்றுப்படி நிறைவேறாது. ஹனபீ மத்ஹபில் நிறைவேறும். பார்த்தபின் ஏற்கவோ தள்ளவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு. அதற்குக் 'கியாருர் ருஃயத்' என்று பெயர். தொலைவிலிருந்து படம் பார்த்து வாங்குவோருக்கு நாம் சொல்லும் எளிய வழி, "வந்து சேர்ந்ததும் பார்ப்பேன், பிடித்தால் வியாபாரம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவேன்" என்று முதலிலேயே பேசிக்கொள்வது. அப்போது இரு மத்ஹபிலும் சங்கடமில்லை.

மந்தையில் ஓர் ஆடு

ஆட்டு மந்தையைக் காட்டி "இதில் ஓர் ஆட்டை விற்றேன்" என்று, எந்த ஆடு என்று குறிக்காமல் விற்றால் அது நிறைவேறாது என்பது ஷாபிஈ கிதாபுகளில் உள்ள சட்டம். ஆடுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்பதே காரணம். மந்தை முழுவதையும் விற்றுவிட்டு "இரண்டு மட்டும் எனக்கு" என்று குறிக்காமல் விலக்குவதும் இவ்வாறே. விலக்குவது எது என்று தெரிந்தாலன்றி அப்படி விலக்குவதை நாயகம் (ஸல்) தடுத்துள்ளார்கள்.

இன்று கடைகளில் மூடிய பைகளில் பொம்மை விற்கப்படுகிறது. உள்ளே எந்தப் பிராணி என்று வாங்குபவருக்குத் தெரியாது. அரியது வருமா, சாதாரணம் வருமா என்ற ஆசையில் பிள்ளை மறுபடி மறுபடி வாங்கச் சொல்லும். பழைய பொம்மை விற்பவர்களும் இதைக் கற்றுக்கொண்டு 'மர்மப் பெட்டி' என்று விற்கிறார்கள். இது மந்தையில் குறிக்காத ஆடுதான். கரர் என்னும் தெரியாமை இதில் வெளிப்படை. சூதின் வாடையும் உண்டு. பெற்றோர்களே, அந்தப் பை ஒன்றின் விலை சொற்பமாக இருக்கலாம். ஆனால் தெரியாததற்குப் பணம் கட்டிக் காத்திருக்கும் பழக்கத்தைப் பிள்ளையின் மனதில் நாமே விதைக்க வேண்டாம்.

குறையைச் சொல்லுதல்

தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் விற்றவர். மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் செய்தி இது. குவியல் வியாபாரம் செய்வோர் அனைவரும் நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டியது.

பொம்மை வியாபாரத்தில் அந்த ஈரம் எது? வண்ணம் உரிந்தது, பல் பட்டுக் காது கடிபட்டது, கழுத்து தளர்ந்தது, காந்தம் துருப்பிடித்தது, பேனா மை ஏறியது, வெயிலில் மஞ்சளித்தது, புகையிலை வாடை ஏறியது எல்லாம் அய்புதான். போலிகளும் ஏராளம். எந்த வார்ப்புக்கு விலை அதிகமோ அதைத்தான் போலியாக வார்க்கிறார்கள். நிறுவனத்தின் முத்திரை இல்லாததும், கண்ணின் வண்ணம் கோணியிருப்பதும் அடையாளங்களில் சில. போலி என்று தெரிந்தே குவியலுக்குள் கலந்து விடுவது கலப்படம்.

விற்பதற்குமுன் பால் கறக்காமல் மடி பெருக்கவிட்ட ஆட்டை வாங்கி ஏமாந்தவருக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நாயகம் (ஸல்) அளித்தார்கள். உரிந்த வண்ணத்தை மறைக்க மறுவண்ணம் பூசி, பழைய நிலையிலேயே உள்ளதுபோல் விற்பதும் மடி பெருக்கிய கதைதான். பூசுவது குற்றமல்ல, "பூசியிருக்கிறேன்" என்று சொல்லாததே குற்றம்.

"உள்ளது உள்ளபடி, பின்னால் கேட்கக் கூடாது" என்று எழுதிவிட்டால் பொறுப்பு தீர்ந்ததா? ஹனபீ மத்ஹபில் அத்தகைய நிபந்தனை செல்லும். ஷாபிஈ மத்ஹபிலோ, உயிருள்ள பிராணியில், விற்பவருக்கே தெரியாத உட்குறைக்கு மட்டுமே அது செல்லும். பிராணி நோயிலும் தின்னும், நலத்திலும் தின்னும். அதன் உட்குறை உடையவனுக்கும் தெரியாமல் போகலாம் என்பது காரணம். பொம்மை ஆடு ஆடல்ல; அதற்குத் தெரியாத வயிற்றுநோய் இல்லை. எந்த மத்ஹபானாலும், தெரிந்த குறையை வேண்டுமென்று மறைத்த பாவம் நிபந்தனையால் நீங்காது.

இன்னொன்று முக்கியம். பழைய ஈயப் பொம்மைகளும் ஈயம் கலந்த பழைய வண்ணமும் குழந்தையின் வாய்க்குப் போனால் விஷம். சிறு காந்தங்கள் இரண்டு வயிற்றுக்குள் போனால் குடலை நடுவே வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். குவியல் விற்பவர் இவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும். பிறருக்குத் தீங்கிழைத்தல் கூடாது என்பது மார்க்கத்தின் பெரும் விதிகளில் ஒன்று. இங்கே விலை அற்பமாக இருக்கலாம், ஆபத்து அற்பமல்ல.

ஏலமும் மறுவிற்பனையும்

கூடுதலாகக் கேட்பவருக்குக் கொடுக்கும் ஏலம் கூடும். நாயகம் (ஸல்) அவர்களே ஒருவருக்காக விரிப்பையும் பாத்திரத்தையும் அப்படி விற்றுத் தந்த செய்தி திர்மிதீயில் உண்டு. ஆனால் வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடக் கேட்பது 'நஜ்ஷ்', அது ஹராம். வேறு பெயரில் கணக்குத் திறந்து தம் பெட்டிக்குத் தாமே விலை கேட்பதும், தம்பியை விட்டுக் கேட்கச் சொல்வதும் இதில் சேரும். ஏலத்தில் எடுத்த பெட்டி வந்து சேருமுன் அதன் படத்தையே போட்டு இன்னொருவருக்கு விற்பதும் கூடாது. மேலே சொன்ன இப்னு உமர் (ரலி) அவர்களின் செய்தி அதற்குச் சான்று.

ஆசையால் ஏறும் விலை

சேகரிப்புப் பொருளின் விலை எதன்மேல் நிற்கிறது என்பதையும் அறிதல் நலம். அமெரிக்காவில் டை என்ற நிறுவனம் 1993ல் ஒன்பது சிறு துணிப் பிராணிகளை வெளியிட்டது. 'பீனி பேபீஸ்' என்று பெயர். கடை விலை ஒன்று 5 டாலர் அளவில் இருந்தது. சில உருவங்களை அவ்வப்போது நிறுத்திவிடுவார்கள். நிறுத்தியதும் வெளிச் சந்தையில் விலை பாயும். காதில் தொங்கும் காகித அட்டை கசங்கினாலே விலை குறையும் என்று அதற்கும் உறை போட்டுக் காத்தார்கள். பிள்ளைகளின் கல்விச் செலவுக்காகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியோரும் உண்டு. 1999ல் லாஸ் வேகாஸ் நகர நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்ற தம்பதியர் தரையில் குந்தியமர்ந்து இப்பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டதைப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. அவ்வாண்டு இறுதியோடு தயாரிப்பை நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. பின் வாக்கெடுப்பு நடத்தித் தொடர்ந்தது. அதற்குள் ஆசை வடிந்துவிட்டது. விலையும் விழுந்தது. அடுக்கி வைத்த பெட்டிகள் பல, பின்னால் குவியலாகவே விற்கப்பட்டன.

விலை ஏறும் என்று வாங்கி வைப்பது வியாபாரத்தில் ஆகுமானதே. ஆயினும் பசிக்கு உதவாத, உடுக்க உதவாத ஒன்றில் குடும்பத்தின் சேமிப்பை இறக்குவது புத்தியல்ல. விற்பனைக்கென வாங்கி வைத்த சரக்குக்கு ஜகாத்தும் உண்டு. வருடம் முடியும் நாளில் விற்காமலிருக்கும் பொம்மைகளை அன்றைய சந்தை விலைக்கு மதிப்பிட்டு, நிஸாபை எட்டினால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வாங்கிய விலையைக் கணக்கிட்டால் போதாது.

அந்த 70 பவுண்டு

இனி சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

கண்ணாடித் துண்டை ரத்தினம் என்று தானாக எண்ணி ஒருவர் அதிக விலைக்கு வாங்கிவிட்டால், விற்றவர் அப்படிச் சொல்லாதபோது, வாங்கியவருக்கு முறிக்கும் உரிமை இல்லை என்று 'ஃபத்ஹுல் முஈன்' முதலான ஷாபிஈ கிதாபுகளில் வந்துள்ளது. விலை தெரியாமல் ஏமாந்தது அவரவர் விசாரிக்காத குறை. இதையே திருப்பிப் பாருங்கள். ரத்தினத்தைக் கண்ணாடி என்று தானாக எண்ணி விற்றவருக்கும் இதே தீர்ப்புதான். எனவே குவியலில் இருந்த அரிய பொம்மையைத் தம் அறிவால் கண்டுகொண்டு, வாய் திறந்து பொய் ஏதும் சொல்லாமல், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியிருந்தால் அந்த லாபம் ஹலால். பெட்டிக்குள் தவறி விழுந்த மோதிரமோ பணமோ கிடைத்தால் மட்டும் அது வேறு. அது விற்கப்பட்ட பொருளல்ல, உடையவரிடம் திருப்பித் தர வேண்டும். நிலம் வாங்கியவர் அதில் கிடைத்த பொற்குடத்தை விற்றவரிடமே கொண்டுபோன முன்னோர் கதையை நாயகம் (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் இங்கே நடந்தது அதுவல்லவே! மூதாட்டி தாமாக ஏமாறவில்லை, கேட்டார். கேட்டது இவரை நம்பி. இவர் தெரிந்துகொண்டே இல்லை என்றார். கண்ணாடி, ரத்தினச் சட்டம் மௌனத்துக்கு இடம் கொடுக்கிறது; பொய்க்கு இடம் கொடுக்கவில்லை. வெளியூரிலிருந்து சரக்குக் கொண்டுவருவோரைச் சந்தைக்கு வருமுன் வழிமறித்து வாங்குவதை நாயகம் (ஸல்) தடுத்தது ஏன்? சந்தை விலை தெரியாத அவர்களின் அறியாமையை விலையாக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் முறிக்கும் உரிமையையும் அவர்களுக்குக் கொடுத்தார்கள். ஏமாற்றோடு சேர்ந்த பெரும் விலை நஷ்டம் இருந்தால் முறிக்கும் உரிமை உண்டு என்பது ஹனபீ மத்ஹபின் சட்டம். உரிமை இல்லை என்னும் மத்ஹபிலும் பொய்யின் பாவம் அப்படியே நிற்கிறது.

விற்றவர் முஸ்லிமல்லவே என்று யாரும் சமாதானம் சொல்லவேண்டாம். தம்மைக் கொல்லத் துணிந்த மக்கத்து மக்களின் அமானிதப் பொருட்களை அவரவரிடம் ஒப்படைக்க அலீ (ரலி) அவர்களை நிறுத்திவிட்டே நாயகம் (ஸல்) ஹிஜ்ரத் புறப்பட்டார்கள்.

ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. அவர்களின் பணியாள் 300 திர்ஹத்துக்குக் குதிரை ஒன்று பேசி வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), உடையவரிடம் இது அதைவிட மதிப்புள்ளது என்று சொல்லித் தாமாகவே நூறு நூறாக ஏற்றி 800 திர்ஹம் கொடுத்தார்கள். பிறர் நலம் நாடுவேன் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் தாம் செய்த பைஅத்தே அதற்குக் காரணம் என்றார்கள். இது சட்டத்தின் கட்டாயமல்ல, ஈமானின் உயரம். எல்லாராலும் 800 கொடுக்க முடியாது. ஆனால் கேட்ட கேள்விக்கு உண்மை சொல்ல எல்லாராலும் முடியும்.

ஆகவே சகோதரிக்கு நாம் எழுதிய பதில் இதுதான்: தொழில் கூடும். பழைய லாபங்களை நினைத்துக் கலங்க வேண்டாம். இந்த ஒரு பெட்டியின் விஷயத்தில் தவ்பா செய்யுங்கள். அந்த மூதாட்டியைத் தேடி நடந்ததைச் சொல்லுங்கள். விற்ற தொகையைக் காட்டுங்கள். அவர் மன்னித்து விட்டுவிட்டால் உங்களுக்கு ஹலால். கேட்டால் கொடுத்துவிடுங்கள். தேடியும் கிடைக்கவே இல்லை என்றால், அவர் சார்பாக அதைத் தர்மம் செய்துவிடுங்கள்.

அவர் மறுகடிதம் எழுதினார். மூன்று ஞாயிறு அந்த மைதானத்துக்குச் சென்றும் மூதாட்டி வரவில்லையாம். பணத்தை ஓர் உறையில் போட்டுத் தனியே வைத்திருக்கிறாராம். அடுத்த ஞாயிறும் போவதாக எழுதியிருக்கிறார்.

நினைவில் வைக்க

1. கண்ட குவியலை எண்ணாமல் விற்கலாம். காணாத குவியலைப் பார்த்தபின் தள்ளும் உரிமையோடு பேசிக்கொள்ளவும்.
2. மூடிய பையிலும் குறிக்காத உருப்படியிலும் வியாபாரம் வேண்டாம்.
3. ஈரத்தை மேலே வையுங்கள்: குறை, போலி, மறுவண்ணம் அனைத்தையும் சொல்லுங்கள்.
4. குழந்தைக்கு ஆபத்தானதைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.
5. உங்கள் அறிவால் வரும் லாபம் உங்களுடையது. உங்கள் பொய்யால் வரும் லாபம் உங்களுடையதல்ல.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, உள்ளதை வெளிப்படுத்தினால் அவ்விருவரின் வியாபாரத்திலும் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தியும் எச்சரிக்கையும் சேர்த்தே அருளியிருக்கிறார்கள். 5 பவுண்டுப் பெட்டியானாலும் 5 லட்சம் ரூபாய்ச் சரக்கானாலும் விதி ஒன்றே. அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் ஹலாலான சம்பாத்தியத்தையும், அதில் நிம்மதியான உறக்கத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.